அட்டையில்லாத மூன்றாவது ஆள்

அரசாங்கம் என்னை நம்புகிறது. சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, அத்தாட்சி இருக்கிறது. என் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் சங்கிலி அறுத்தவளைப் போல முறைத்துக்கொண்டு நான். கீழே ‘நம்பகமான பயணி’ என்று கொட்டை எழுத்தில் அச்சு. என் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் என்னைப் பற்றி இப்படியொரு வார்த்தையை எழுத்தில் கொடுத்ததில்லை.

எங்கள் ஊர் சான் ஹகோபோ. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபோர்ட் மெரில், வேறு நாடு. நடுவில் ஒரு பாலம். எங்கள் அம்மா இரண்டு பிரசவத்துக்கும் பாலம் தாண்டிப் போய், அந்தக் கரை ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு மறுவாரமே திரும்பிவிட்டாள். ஆகவே நானும் என் தம்பி ரெஃபூகியோவும் (வீட்டில் அவன் குக்கோ) பிறப்பால் அந்த நாட்டுப் பிரஜைகள். சோறு, சண்டை, சங்கீதம் இன்னபிற விஷயங்களில் சான் ஹகோபோக்காரர்கள்.

பாஸ்போர்ட்டும் எங்களிடம் இருந்தது. காலாவதியாகி அலமாரியில் பூச்சி மருந்து உருண்டையோடு கிடக்கிறது. பாலம் தாண்ட இந்த அட்டை ஒன்றே போதும் என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு எதற்குத் தண்டம் அழுவது?

அட்டை லேசில் கிடைத்துவிடவில்லை. நேர்காணல் வைத்தார்கள். பத்து விரல் ரேகையையும் எடுத்துக்கொண்டு, ‘வாழ்நாளில் பொய் சொன்னதுண்டா?’ என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை. உடனே கை கொடுத்து வாழ்த்தினார்கள். குக்கோ பாவி, சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறியதை ஒப்புக்கொண்டான். மரத்தின் சொந்தக்காரர் இப்போது எங்கே, எத்தனை கொய்யா, பழமா காயா என்று விசாரிப்பதற்காகவே அவனை மூன்று முறை வரவழைத்தார்கள். அட்டை அவன் கைக்கு வர எனக்கு வந்ததைவிட ஒரு வருஷம் கூடுதலாகப் பிடித்தது. ஏசி மெக்கானிக், நாற்பத்து மூன்று வயது, இன்னும் பொய் சொல்லப் பழகவில்லை.

பாலத்தில் நம்பகமானவர்களுக்கென்று தனி வரிசை உண்டு. அதற்குச் சட்டதிட்டம் மூன்று. வண்டியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அட்டை வேண்டும். ஆகாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது. கேட்ட கேள்விக்குத் தப்பான பதில் சொல்லக் கூடாது. ஒன்றில் சறுக்கினாலும் அட்டை ஆயுளுக்கும் போச்சு. மற்ற வரிசைகளுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. அங்கே வருபவர்களை யாரும் நம்புவதில்லையாதலால் அவர்களிடம் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதும் இல்லை.

அந்த வரிசையின் கூண்டில் பெரும்பாலும் ரமீரோ உட்கார்ந்திருப்பான். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்த பையன். அவன் அம்மா சூசானா மாதாமாதம் என் பார்லருக்கு வந்துதான் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்கிறாள். சீருடையை மாட்டினால் மட்டும் அவனுக்கு எங்கள் பாஷை மறந்துபோகும், என் பெயரும் மறந்துபோகும். “தங்கள் பெயர்?” என்பான். அவன் முதல் நற்கருணை வாங்கிய அன்றைக்கு அவனுக்குத் தலை வாரிவிட்டது நான். ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

குக்கோவுக்கு அட்டை எதற்கு என்றால், நின்ஃபாவுக்காக. நின்ஃபா ஃபோர்ட் மெரிலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் விதவை. கடை ஏசியைச் சரிசெய்யப் போனவன், அதை ஒரேயடியாகச் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாவிட்டாலும் ஆணி முடுக்காமல் விடத் தெரிந்திருக்கிறது. வேலை முடிந்து தினமும் சாயங்காலம் நம்பிக்கை வரிசையில் போனால் இருபது நிமிஷத்தில் அவள் கடைவாசல். சாதாரண வரிசையில் போனால் மூன்று மணி நேரம். அதற்குள் அவள் கடையைப் பூட்டி, சாப்பிட்டு, தூங்கியே போயிருப்பாள்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று அவள் வீட்டில் வளைய ரொட்டி வெட்டினார்கள். ரொட்டிக்குள் ஒரு குட்டிக் குழந்தை பொம்மை ஒளித்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ, அவர் அடுத்த மாதம் மெழுகுதிரித் திருநாளுக்கு எல்லோருக்கும் தமாலே, அதாவது சோளமட்டையில் பொதிந்து அவித்த கொழுக்கட்டை, கொண்டுவர வேண்டும். அந்த வீட்டு நீஞோவுக்குப் புது உடுப்பு போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப் போகவும் வேண்டும். நீஞோ என்றால் குழந்தை இயேசு சுரூபம். செலவுக்குப் பயந்து பொம்மையை வாயில் அதக்கிக்கொண்டு முழிப்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் தம்பியோ எந்தத் துண்டில் இருக்கிறது என்று தேடித் தேடி மூன்று துண்டு தின்றான். பொம்மையைக் கடித்துக் கடைவாய்ப்பல் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு, அதே வேகத்தில் எல்லோர் முன்னாலும், “நின்ஃபா, என்னைக் கட்டிக்கிறியா?” என்று கேட்டுவிட்டான்.

நின்ஃபா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

“இந்த நீஞோ எங்கம்மா வச்சிட்டுப் போனது. மெழுகுதிரித் திருநாள் மத்தியானப் பூசைக்கு இவரைப் பத்திரமா, நேரத்துக்குக் கொண்டு வந்து சேரு. அதுக்கப்புறம் பதில் சொல்றேன். லேட்டா வந்தாலும் சரி, இவரைத் தொலைச்சிட்டு வந்தாலும் சரி, ஏசி தானே ரிப்பேராகி தானே சரியாகிக்கட்டும்.”

அதிலிருந்து நீஞோ எங்கள் வீட்டில்தான் இருந்தார். மரத்தில் கடைந்தவர், கண்ணாடிக் கண். வலது கையில் இரண்டு விரல் எந்தக் காலத்திலோ உடைந்துபோனது. உடுப்புக் கடையில் டாக்டர் வேஷம், கோல்கீப்பர் வேஷம், போப்பாண்டவர் வேஷம் என்று வரிசையாகத் தொங்கின. குக்கோவுக்குக் கோல்கீப்பர் மேல் ஒரு கண். கடைக்காரி விடவில்லை.

“பாலம் தாண்டப் போறவருக்கு வழிப்போக்கன் வேஷம்தான்யா சரி. தொப்பி, கைத்தடி, கூடை, குட்டிச் செருப்பு எல்லாம் சேர்ந்து வரும். அந்தக் காலத்துல ஜெயில்ல கெடந்தவங்களுக்குச் சோறு கொண்டு போகக் காவக்காரனுங்க யாரையும் விடலையாம். இந்தக் கொழந்தை மட்டும் கூடையோட உள்ள போயிட்டு வெளிய வந்துச்சாம். இவரை மறிக்க எவனாலயும் ஆகாது.”

அவள் எங்கள் பாலத்தைத் தாண்டினவள் அல்ல.

திருநாள் காலையில் நான் தமாலே அவித்தேன். பன்றிக்கறி பாலம் தாண்டக் கூடாது, கோழியும் சந்தேகம். ஆகவே பாலாடைக்கட்டியும் மிளகாயும் வைத்தது பாதி, திராட்சை வைத்த இனிப்பு பாதி. பானையைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்சீட்டில் நீஞோ, தன் குட்டி நாற்காலியில், பெல்ட் போட்டு. ஏகப்பட்ட நேரம் கையில் இருந்தது.

கூண்டில் ரமீரோ.

“காலை வணக்கம். தங்கள் பயணத்தின் நோக்கம் யாது?”

“பூசைக்குப் போறோம் தம்பி.”

“அம்மணி, நான் அதிகாரி.”

“பூசைக்குப் போறோம் அதிகாரி.”

“பானையில் என்ன?”

“தமாலே. பன்னி இல்ல, கோழி இல்ல. ஒங்கம்மாவுக்குப் பிடிச்ச மிளகா...”

“தேவையற்ற தகவலைத் தவிர்க்கவும். வாகனத்தில் எத்தனை பேர்?”

“மூணு பேர்,” என்றான் குக்கோ.

அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் தொடங்கி மெழுகுதிரித் திருநாள்வரை எங்கள் ஊரில் நீஞோவைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிற வழக்கம் இல்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். உடுப்புக் கடைக்கு எங்களைக் கூட்டிப் போன டாக்ஸிக்காரன் ‘மூணு பேருக்கும் கதவு சாத்தியாச்சா?’ என்றுதான் கேட்டான். அன்று காலையில் மூன்று கோப்பை சாக்லேட் ஆற்றி வைத்ததே நான்தான்.

ரமீரோ எட்டிப் பின்சீட்டைப் பார்த்தான். அவன் கை தன்னால் சிலுவை போட நெற்றிக்குப் போனது. பாதி வழியில் நினைவு வந்து, தொப்பியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தது.

“மூன்றாவது நபரின் அட்டை?”

“அவருக்குக் கார்டு கெடையாது சார்.”

நான் பல்லைக் கடித்தேன். “டேய், பொம்மைன்னு சொல்லுடா.”

“எப்படிக்கா சொல்றது?” என்று கிசுகிசுத்தான் குக்கோ. “அவரு பின்னாடியே உக்காந்திருக்காரு.”

எங்களை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஓரத்தில் ஒரு கொட்டகை. நம்பிக்கையில் கோளாறு ஏற்பட்டவர்களை அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். மேற்பார்வையாளர் டன்லீவி வந்தார். சிவந்த முகம், தங்கமான மனுஷர், கைகுலுக்கித்தான் பேச ஆரம்பித்தார்.

“பதறாதீங்க. உங்களை நாங்க முழுசா நம்புறோம். அதனாலதான் நிறுத்தி வச்சிருக்கோம்.”

“நம்பினா விட வேண்டியதுதானே?” என்றேன்.

“மேடம், நம்பிக்கைன்னா குடுத்துட்டு மறந்துபோற சமாச்சாரமா? தினம் தினம் சோதிச்சுப் பாத்தாத்தான் அது நம்பிக்கை. அதோ அந்தச் சாதாரண வரிசையில போறாங்க பாருங்க, அவங்களை நாங்க நம்புறதே இல்ல. அவங்ககிட்ட சோதிக்கிறதுக்கு என்ன இருக்கு? உங்ககிட்டதான் கெட்டுப்போறதுக்கு ஒண்ணு இருக்கு.”

சொல்லிவிட்டுத் தன் பேச்சில் தானே கொஞ்சம் உருகினார். பிறகு குக்கோவின் பாஸ்போர்ட்டைக் கேட்டார்.

“கார்டு இருந்தா பாஸ்போர்ட் வேணாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“வேணாம்தான். ஆனா கார்டு என்ன சொல்லுது? ரெஃபூகியோ சல்திவார்னு ஒருத்தர் நம்பகமானவர்னு சொல்லுது. அந்த ஒருத்தர் நீங்கதான்னு யார் சொல்றது?”

“போட்டோ இருக்கே சார்.”

“அது நம்பகமானவரோட போட்டோ. இப்ப நீங்க கொஞ்சம் பதட்டமா இருக்கீங்க. ஜாடை ஒத்து வரலையே.”

அந்தச் சமயத்தில் எங்கள் தெரு மெத்தைக்கடை செமா, வண்டிக்கூரையில் இரட்டைக் கட்டில் மெத்தையும் அதன் மேல் ஒரு பழைய ஃபிரிட்ஜும் கட்டிக்கொண்டு சாதாரண வரிசையிலிருந்து வெளியே வந்தான். அவன் வண்டியில் இருந்தது ஐந்து பேரா ஆறு பேரா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான்.

“என்ன அம்பாரோ அக்கா, இங்க நிக்கிறீங்க?”

“எங்களை நம்புறாங்கடா,” என்றேன்.

“ஐயய்யோ,” என்று சொல்லிவிட்டு ஒரே அழுத்தாக அழுத்திப் போய்விட்டான்.

உள்ளே சோதனை தொடங்கியது. நாய் வந்து தமாலேப் பானை முன்னால் உட்கார்ந்து, அதன்பின் எழுந்திருக்கவே மறுத்தது. கடத்தல் பொருள் இருந்தால்தான் அது உட்காருமாம். பசித்தாலும் உட்காரும் என்று அதன் பயிற்சியில் சொல்லித்தரவில்லை போலும். பானையைப் பிரித்து ஒரு தமாலேயை டன்லீவி தாமே தின்று சோதித்தார். சந்தேகம் தீராமல் இன்னொன்றையும் சோதித்தார்.

அடுத்து நீஞோ. அவரை ஊடுகதிர்ப் பெட்டிக்குள் அனுப்பி, திரையைப் பார்த்து, “உள்ளே ஒண்ணும் இல்லை,” என்று அறிவித்தார்கள். அந்தப் பெட்டிக்குள் அங்கிருந்த சில பேரை அனுப்பினாலும் அப்படித்தான் காட்டியிருக்கும். விரல் ரேகை எடுக்க வலது கையைக் கண்ணாடியில் வைத்தபோது இயந்திரம் இரண்டு விரல் குறைகிறது என்று முறையிட்டது. மற்ற விரல்களை வைத்துத் தேடி, இந்த நபர்மேல் எந்த நாட்டிலும் வழக்கு இல்லை என்று பச்சை விளக்கு எரித்தது. டன்லீவிக்கு அதில் உண்மையாகவே மகிழ்ச்சி.

“ரொம்ப சுத்தமான ஆளா இருக்காரே! முன்கூட்டியே விண்ணப்பம் போட்டிருந்தா இந்தச் சிக்கலே வந்திருக்காது.”

குக்கோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வியர்வையில் அவன் திருநாள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. “நின்ஃபா வாசல்ல நின்னுட்டிருப்பா அக்கா,” என்றான். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. பிள்ளை பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு விஷயத்துக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

விவகாரம் தம் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்று டன்லீவி சொல்லிவிட்டார். சுவரில் ஒரு திரையைப் போட்டார்கள். எங்கேயோ தலைநகரத்திலிருந்து நம்பிக்கை இயக்குநர் ஹால்வோர்சன் அம்மாள் தெரிந்தார். பின்னால் ஒரு செடி. அது நிஜச் செடியா என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

“மூன்றாவது நபரைக் கேமராவுக்கு முன்னால உக்கார வைங்க,” என்றார். வைத்தார்கள். “பேச மாட்டாரா?”

“கொழந்தைங்க அவரு,” என்றான் குக்கோ.

“அப்ப பாதுகாவலரா நீங்க பதில் சொல்லுங்க. தந்தை பெயர்?”

“பெத்தவரா, வளர்த்தவரா மேடம்?”

இயக்குநர் புருவத்தைத் தூக்கினார். “குடும்ப விவகாரம் வேண்டாம். இதுக்கு முன்னாடி எங்கேயாவது அனுமதி மறுக்கப்பட்டதுண்டா?”

குக்கோ யோசித்தான். அவன் யோசிக்க ஆரம்பித்தாலே ஆபத்து.

“பெத்லகேம்ல மேடம். சத்திரத்துல எடமில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

டன்லீவி தட்டச்சு செய்துகொண்டார்.

“குடும்பத்தோட வேற நாட்டுக்குத் தப்பிப் போனதுண்டா?”

“எகிப்துக்கு. ராஜா கொல்லப் பாத்தான். ராத்திரியோட ராத்திரியா ஓடினாங்க.”

“முறையான ஆவணங்களோடவா?”

“ஒரு கழுதை இருந்துச்சு.”

“கைது செய்யப்பட்டதுண்டா?”

நான் அவன் காலை மிதித்தேன். பலனில்லை. கொய்யா மரத்தையே மறைக்காதவன் கல்வாரியையா மறைக்கப்போகிறான்?

“கடைசியில ஆமாங்க. கூட இருந்தவனே காட்டிக்குடுத்துட்டான்.”

“தீர்ப்பு?”

“மரண தண்டனை.”

“நிறைவேற்றப்பட்டதா?”

“நிறைவேறிடுச்சு மேடம். ஆனா மூணாம் நாள்...”

“போதும்,” என்றார் இயக்குநர். அவர் குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. “மிஸ்டர் சல்திவார், நான் இந்தத் துறையில இத்தனை வருஷத்துல இவ்வளவு மோசமான பின்னணியைப் பாத்ததில்ல. ஆனா நாங்க மனுஷத்தன்மை இல்லாதவங்க இல்ல. உங்களுக்கு ரெண்டு வழி தர்றேன்.”

அவர் சொன்ன முதல் வழி: பின்சீட்டில் இருந்தது வெறும் மரப்பொருள், நபர் அல்ல என்று குக்கோ கையெழுத்துப் போடலாம். ‘மூன்று பேர்’ என்றது வாய் தவறி வந்ததாக மன்னித்து, அட்டையை அவனிடமே விட்டுவிடுவார்கள். மரப்பொருள் என்பதால் புழு பூச்சி சோதனைக்கு ஒரு மாதம் கிடங்கில் இருக்கும். இரண்டாவது வழி: அது நபர்தான் என்று நிற்கலாம். அட்டையில்லாத நபரை நம்பிக்கை வரிசையில் ஏற்றி வந்த குற்றத்துக்கு வண்டி ஓட்டியவனின் அட்டை அப்போதே ரத்து, ஆயுளுக்கும் கிடையாது. வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, அந்த நபரோடு பாலத்தின் நடுவுக்குத் திரும்பிப் போய், நம்பிக்கையில்லாதவர்களின் நடை வரிசையில் முதலிலிருந்து வர வேண்டும்.

“உண்மை எதுன்னு எங்களுக்கு முக்கியமில்ல,” என்று இயக்குநர் அன்போடு முடித்தார். “ஏதாவது ஒண்ணுல உறுதியா இருக்கணும். அதைத்தான் நாங்க நேர்மைன்னு சொல்றோம்.”

நான் குக்கோவைத் தனியாக இழுத்தேன்.

“முட்டாளே, கையெழுத்துப் போடு. கார்டு இருந்தாத்தான் நின்ஃபா. அது போச்சுன்னா தினம் மூணு மணி நேரம் வரிசையில நின்னு காதலிப்பியா? ஒரு மாசத்துல இவரை வாங்கிக்கலாம். அவகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“நீ பேசுவ அக்கா. ஒனக்கு வரும்.” அவன் நீஞோவைப் பார்த்தான். “ஆனா இவரு கேட்டுக்கிட்டிருக்காரே. இத்தனை நாள் நம்ம வீட்ல சாக்லேட் குடிச்சிட்டு, இப்ப மூஞ்சிக்கு நேரா, நீ யாரோ, மரக்கட்டைன்னு எப்படிச் சொல்றது?”

சாக்லேட்டைக் குடித்தது அவன்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குக்கோ அட்டையை எடுத்து, சட்டையில் ஒருமுறை துடைத்து, மேஜைமேல் வைத்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லாததால் பானையைத் தூக்கிக்கொண்டேன்.

பாலத்தின் நடுவில் எல்லைக்கு அடையாளமாக ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறது. அதுவரை எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தகட்டையும் தாண்டி, பாலத்தின் முக்கால்வாசி நீளத்துக்கு ஜனம். அழுதாலும் தீராத வரிசை. பூசைக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. குக்கோ நீஞோவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாலில் போய் நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

முன்னால் நின்ற தர்பூசணி வியாபாரி திரும்பிப் பார்த்தார்.

“என்னய்யா, கைக்கொழந்தையை வச்சிக்கிட்டு இங்க நிக்கிற? முன்னாடி போ.” பிறகு கையைக் குவித்து, “வழி விடுங்கப்பா, நீஞோ வர்றாரு!” என்று கத்தினார்.

வரிசை பிளந்தது. பைகளை இழுத்துக்கொண்டார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு பெண் நீஞோவின் கூடையில் ஒரு மிட்டாயைப் போட்டாள். மூன்று மணி நேர வரிசையை நாங்கள் நடந்து கடந்தோம். நடக்கும்போதே என் அட்டையைக் கைப்பையின் அடியில், சீப்புக்கும் சாயப்புட்டிக்கும் கீழே தள்ளினேன். நம்பகமானவள் என்று தெரிந்தால் மறுபடியும் பானையைப் பிரிப்பார்கள்.

நடை வரிசையின் கூண்டில் ரமீரோ உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது இடம் மாற்றுவது அவர்கள் வழக்கம். நான் பெயர் சொல்லத் தயாரானேன்.

“என்ன அம்பாரோ அக்கா, இங்கிட்டு வந்துட்டீங்க?” என்றான். எங்கள் தெருப் பேச்சு, அட்சரம் பிசகவில்லை.

“பேரு ஞாபகம் இருக்காடா ஒனக்கு?”

“அந்த வரிசையில ஒங்களை நம்பணும்க்கா, கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுத்தான் ஆகணும். இங்க அதெல்லாம் இல்ல. தெரிஞ்சிருந்தாப் போதும்.” குக்கோவைப் பார்த்தான். “அண்ணே, அடையாளத்துக்கு ஏதாவது இருக்கா?”

“பிடுங்கிட்டாங்கப்பா. ஒண்ணும் இல்ல.”

“பரவால்ல. எங்க வீட்டு ஏசி மாட்டினது நீங்கதானே.” பிறகு, பழக்கதோஷத்தில், “எத்தனை பேர்ண்ணே?” என்றான்.

குக்கோ என்னைப் பார்த்தான், நீஞோவைப் பார்த்தான்.

“மூணு,” என்றான், அழுதுவிடுவான் போல.

ரமீரோ சுற்றுமுற்றும் பார்த்தான். தொப்பியைக் கழற்றி, எட்டி, நீஞோவின் செருப்பைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டான்.

“சரி, மூணு பேரும் போங்க. அம்மாவுக்கு ரெண்டு மிளகாத் தமாலே எடுத்து வைங்கக்கா.”

ஓடினோம். தமாலேப் பானையோடு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நின்ஃபா வாசல்படியில், கையில் மெழுகுதிரியோடு நின்றிருந்தாள். நாங்கள் வந்த கோலத்தை, குக்கோவின் வியர்வையை, வண்டி இல்லாததை எல்லாம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். நீஞோவை வாங்கித் தொப்பியைச் சரிசெய்தாள். அப்படியே உள்ளே போனாள்.

பூசை முழுக்க என் தம்பி சாமியாரைப் பார்க்கவில்லை, அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் கோயில் முற்றத்தில் பானையைப் பிரித்தேன். குக்கோ நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். கழுதையைக்கூட விடவில்லை. நின்ஃபா கேட்டுக்கொண்டே மட்டையைப் பிரித்து நிதானமாகத் தமாலே தின்றாள்.

“அப்ப கார்டு போச்சு.”

“போச்சு.”

“பொம்மைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?”

“இருந்திருக்கும்.” குக்கோ தலையைக் குனிந்துகொண்டான். “இனிமே தினம் வர முடியாது நின்ஃபா. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள வந்து வரிசையில நின்னுடறேன். அடுத்த வருஷம் நீஞோவை என்கிட்ட குடு. யார் கேட்டாலும் ரெண்டு பேருன்னே சொல்லிடறேன், சத்தியமா.”

நின்ஃபா கையைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியில்லாமல் ஒருவரைப் பார்த்து நான் அன்றுதான் பார்த்தேன்.

“நாலு பேருன்னு சொல்லு, மடையா.”

குக்கோ விரல்விட்டு எண்ணினான். தான், நான், நீஞோ. அதற்குமேல் அவனுக்கு ஓடவில்லை. திருதிருவென்று என்னைப் பார்த்தான். நான் நின்ஃபாவைக் கண்ணால் காட்டி, அவன் கையைப் பிடித்து நாலாவது விரலை மடக்கிவிட்டேன்.